ஒரு மில்லிமீட்டர் ஓட்டை

நியூஜெர்சியில் நான் ஓட்டுவது 2001ஆம் ஆண்டுக் கார். அதில் ‘செக் என்ஜின்’ விளக்கு எரிந்து, ஸ்கேனரைச் செருகும்போதெல்லாம் வந்தது ஒரே குறியீடு: பி0442. பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் அமைப்பில் எங்கோ சிறு கசிவு. ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் விளக்கு எரிந்தால் இங்கே மாநிலப் பரிசோதனையில் தேறாது.

டேங்க் மூடியை மாற்று என்றார்கள் எல்லாரும். மாற்றிக் குறியீட்டை அழித்ததும் விளக்கு அணைந்தது; சில வாரங்களில் மறுபடி எரிந்தது. அடுத்த யோசனை, தேங்கிய ஆவியை என்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு. அதற்குக் காசு கொடுக்குமுன், இடையில் அந்தச் சில வாரம் ஏன் சும்மா இருந்தது என்று துருவத் தோன்றியது.

விடை பழுதுபார்ப்புக் கையேட்டில் இருந்தது. இந்தச் சோதனையைக் கார் தினமும் செய்வதில்லை. என்ஜின் இரவெல்லாம் நின்று ஆறியிருக்க வேண்டும். டேங்கில் பெட்ரோல் ஏறக்குறைய 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வெளியே குளிரும் வெயிலும் மிஞ்சக் கூடாது. எல்லாம் கூடிவந்தால், வெளிக்காற்று வரும் வென்ட் வால்வை மூடிக்கொண்டு, என்ஜின் உறிஞ்சலால் டேங்குக்குள் லேசான வெற்றிடம் உண்டாக்கும். அது எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று அழுத்த சென்சார் பார்க்கும். ஒரு மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலே போதும், தோல்விதான். அடுத்தடுத்து இரண்டு முறை தோற்றால் விளக்கு. ஆக, புது மூடி போட்ட பிறகு அந்தச் சில வாரம் வண்டி சோதித்தே பார்க்கவில்லை! மூடி வியாபாரம் செழிப்பதில் இதற்கும் பங்குண்டு என்பது என் சந்தேகம்.

ஊசித்துளைக்கு இத்தனை கெடுபிடி ஏன்? வழி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகிறது. அங்கே கண்ணை எரித்த புகைமூட்டத்தை ஆராய்ந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குவதை 1950களில் காட்டினார். ஆவி கசிந்தால், சும்மா நிற்கும் காரும் காற்றைக் கெடுக்கும். ஆவியைத் தேக்க வேண்டும் என்ற விதி 1970 மாடல்களுக்குக் கலிபோர்னியாவிலும், மறு ஆண்டு நாடெங்கும் வந்தது. கரி நிரப்பிய டப்பா ஆவியைப் பிடித்துவைத்து, ஓடும்போது என்ஜினுக்குக் கொடுக்கும்.

இனி என் காரைப் பாகம் பாகமாகப் பார்க்க வேண்டியதுதான். என்ஜினை ஐடிலில் விட்டு, கரி டப்பாவிலிருந்து பர்ஜ் வால்வுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வைத்தேன். உறிஞ்சவில்லை, ஒழுங்காக மூடியிருக்கிறது. வென்ட் வால்வுக்கு 12 வோல்ட் கொடுத்ததும் ‘டிக்’ என்று அடைத்துக்கொண்டது. ஊதினால் காற்றுப் போகவில்லை. மிச்சம் குழாய்கள்.

ஒர்க்‌ஷாப்பில் மினரல் ஆயிலைச் சூடாக்கி எழுப்பிய வெண்புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் அமைப்புக்குள் விட்டார்கள். மூடியில் ஒன்றுமில்லை. பின் சக்கரத்துக்கு மேலிருந்த பிளாஸ்டிக் தடுப்பைக் கழற்றியதும், பெட்ரோல் ஊற்றும் இரும்புக் குழாயிலிருந்து நூல்போலப் புகை. குழாயைப் பிடிக்கும் கிளிப்பின் அடியில், பனிக்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பு சேற்றோடு சேர்ந்து இறுகியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் துரு செதில் செதிலாக உதிர்ந்து பொத்தல் தெரிந்தது. குழாயின் மேல்பக்கம் என்பதால் பெட்ரோல் சொட்டியதே இல்லை. டேங்க் நிரப்பிய கையோடு பின்னால் அடித்த வாடையும் இந்தப் பொத்தலால்தான்.

குழாயை மாற்றினோம். விளக்கு அணைந்ததை இம்முறை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆவிச் சோதனை ‘முடிந்தது’ என்று ஸ்கேனர் காட்டி, நிலுவைக் குறியீடு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன்.