மல்லாட்டைப் பிண்ணாக்கும் மருமகன் டப்பாவும்

சிதம்பரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மாதம் ஒரு தடவையாவது போய்விடுவேன். கடலூரிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி பு.முட்லூர் வருவதற்குள் ஒரு தூக்கம் போடலாம். சென்ற தை மாதம் போனபோது அக்கா பன்னீருக்காகப் பாலைத் திரித்து வடிகட்டிக்கொண்டிருந்தாள். வடிந்த தண்ணீரைக் கொல்லைப்புறக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து, "உன் மருமகன் ஏதோ கேக்கணுமாம், பதில் சொல்லுடா" என்றாள்.

மருமகனுக்கு வயது இருபத்திரண்டு, எடை 62 கிலோ. காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். கயிறு ஏறவேண்டும், நீளம் தாண்டவேண்டும், ஓடவேண்டும். கைபேசியில் நான்கு டப்பாக்களைக் காட்டினான். வே கான்சன்ட்ரேட், வே ஐசோலேட், சோயா, பட்டாணி. "எதை வாங்கட்டும் மாமா?"

"இதுல எனக்கு ஒரு புண்ணாக்கும் தெரியாதுடா" என்றேன். வாய் தவறி வந்த அந்த வார்த்தைக்குள்ளேயே பாதி விடை இருந்திருக்கிறது. அது புரிய இரண்டு மாதம் ஆனது.

நான் வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் இது எங்கிருந்து வரவு ஆனது என்ற கேள்விதான் முதலில் எழும். திருப்பாப்புலியூரில் ஒரு கடையில் விசாரித்தேன். கடைப் பையன் "கான்சன்ட்ரேட்னா 80 பர்சன்ட், ஐசோலேட்னா 90" என்று மனப்பாடமாகச் சொன்னான். வே என்றால் என்ன என்று கேட்டதற்கு, "பால்ல இருந்து எடுக்கறாங்க சார்." எப்படி எடுக்கிறார்கள்? சிரித்தான். மீதியை நானே படித்துத் தேடவேண்டியதாயிற்று.

பசும்பாலில் இருக்கும் புரதத்தில் நூற்றுக்கு எண்பது கேசின், இருபதுதான் வே. ரென்னெட் சேர்த்துப் பாலை உறையவைத்தால் கேசின் கட்டிப்பட்டுச் சீஸ் ஆகும். வே மட்டும் பச்சையும் மஞ்சளும் கலந்த தண்ணீரோடு வெளியேறிவிடும். ஒரு கிலோ சீஸுக்கு இந்தத் தண்ணீர் ஏறத்தாழ ஒன்பது லிட்டர் மிஞ்சும். சீஸ் தின்னும் நாடுகளில் வெகுகாலம் இதற்கு மதிப்பே கிடையாது. பன்றிக்கு ஊற்றினார்கள், வயலில் பாய்ச்சினார்கள், முடியாதபோது ஆற்றில் திறந்துவிட்டார்கள். அதிலிருக்கும் பால் சர்க்கரையைத் தின்று கிருமிகள் பெருக, ஆற்றில் ஆக்சிஜன் வற்றி மீன்கள் செத்தன. ஆற்றில் கழிவு கலந்தால் என்னவாகும் என்று கடலூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். உப்பனாற்றங்கரைக்கு வந்து நின்றால் போதும். அமெரிக்காவில் 1972இல் நீர்மாசுச் சட்டம் இறுகியது. சீஸ் ஆலைகள் இந்தத் தண்ணீருக்கு வேறு கதி தேட வேண்டிவந்தது.

தேடினாலும் வழி லேசில் கிடைக்கிறதா? லிட்டருக்கு ஆறு கிராம் புரதம்தான் இருக்கிறது. கொதிக்கவைத்துச் சுண்டவிட்டால் திரிந்துபோகும். வழி கடல்நீரிலிருந்து வந்தது. 1960 வாக்கில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் என்ற இருவர் கடல்நீரைக் குடிநீராக்க ஒரு சவ்வு செய்தார்கள். செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனது; மேற்புறம் மிக மெல்லிய, இறுக்கமான தோல், அடியில் அதைத் தாங்கும் பஞ்சு போன்ற பகுதி. சௌரிராஜன் இந்தியாவில் பிறந்தவர். பெயரைப் படித்ததுமே எனக்குத் திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள்தான் கண்ணில் வந்து நின்றார். அதே வகைச் சவ்வில் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கியபோது தண்ணீர், உப்பு, சர்க்கரை எல்லாம் கீழே இறங்கிவிட, புரதம் மட்டும் மேலே தங்கியது. 1970களில் பால் ஆலைகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. ஆற்றுக்குப் போன தண்ணீர் டப்பாவுக்குள் ஏறியது.

கான்சன்ட்ரேட், ஐசோலேட் வித்தியாசமும் இங்கேதான் இருக்கிறது. வடிகட்டுவதை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதுதான் கணக்கு. எண்பதில் நிறுத்தினால் கொஞ்சம் கொழுப்பும் பால் சர்க்கரையும் ஒட்டியிருக்கும். தொண்ணூறுக்கு மேல் கொண்டுபோனால் அவை அநேகமாகப் போய்விடும். பால் குடித்தால் வயிறு உப்புகிறவன் ஐசோலேட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். மற்றவர்கள் கொடுப்பது பெருமைக்கு.

அந்த எண்பது, தொண்ணூறு என்ற எண்கள் எப்படி வந்தன? கணக்குக்காரனை இதுதான் தூங்கவிடவில்லை. 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில் யோகான் கெல்டால் என்பவர் பார்லியின் புரதத்தை அளக்க ஒரு முறை கண்டுபிடித்தார். அமிலத்தில் வேகவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதிக்கொள்வது. உலகம் இன்றும் பெரும்பாலும் இப்படித்தான் அளக்கிறது. நைட்ரஜன் வேறெதிலிருந்து வந்தாலும் இந்த முறைக்குத் தெரியாது. சீனாவில் 2008இல் பால்மாவில் மெலமைன் கலந்து குழந்தைகளைச் சாகடித்தது இந்த ஓட்டை வழியாகத்தான். டப்பாப் பவுடரில் கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்து எண்ணை ஏற்றுவதும் இதே ஓட்டையில்தான். கேரளத்துக் கல்லீரல் மருத்துவர் ஒருவர் தலைமையில் 36 பவுடர்களைச் சோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், 25 டப்பாக்களில் லேபிளில் போட்ட புரத அளவு சரியில்லை. ஐந்தில் அஃப்ளடாக்சின் இருந்தது.

அஃப்ளடாக்சின் என்பது நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் வரும் விஷம். அந்தப் பெயரைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு விருத்தாசலம் பஸ் ஏறினேன். அந்தப் பக்கம் உறவுக்காரர் ஒருவர் செக்கு வைத்திருக்கிறார். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை என்பது வாயில் தேய்ந்து அப்படி ஆனது. தென்னமெரிக்காவில் பிறந்த பயிருக்குப் பிலிப்பைன்ஸ் ஊரின் பேர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரி வழியாகக் கப்பலேறி மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குப் போனது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் விட்ட வி.ஆர்.ஐ. ரகங்கள் இன்றும் இங்கே விதைக்குப் பேர்போனவை.

உறவுக்காரர் செக்கிலிருந்து ஒரு பிண்ணாக்குத் துண்டைக் கையில் கொடுத்தார். இளஞ்சூடு, நல்ல வாசனை. பருப்பில் பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். எண்ணெயை நன்றாகப் பிழிந்துவிட்டால் மிஞ்சுவதில் புரதம் நூற்றுக்கு 45ஐத் தாண்டும். "மாட்டுக்குத்தான் போவுது. மனுஷன் தின்னா நல்லதுதான், யாரு தின்பா?" என்றார்.

தின்ன வைக்கப் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மைசூரில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். அப்போது லாஸ் ஏஞ்சலிஸில் கிளிஃபோர்ட் கிளின்டன் என்ற உணவுக்கடைக்காரர், ஹென்றி போர்சுக் என்ற உயிர்வேதியியலாளர் உதவியோடு சோயா மாவில் ஒரு மலிவான சத்துணவைச் செய்து பசித்த நாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மைசூர்க்காரர்கள் அதைப் பார்த்து இந்தியச் சரக்கில் ஒன்று செய்தார்கள். எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு முக்கால் பங்கு, கடலைப்பருப்பு மாவு கால் பங்கு, மேலே வைட்டமின், சுண்ணாம்புச் சத்து. புரதம் நூற்றுக்கு 42. பேர் 'இந்தியப் பல்நோக்கு உணவு'. பேர்தான் இப்படி; உள்ளே இருப்பது நம் இட்லிக்கு அரைக்கும் சட்னியின் உறவு முறை. நம் ஊர்ப் புரதப் பவுடருக்குத் தாத்தா என்று நான் இதைத்தான் சொல்வேன். இந்த டப்பாக்கள் நம் ஊருக்கு வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, பிண்ணாக்கைப் பவுடராக்கி மனிதனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அது ஏன் நிலைக்கவில்லை? 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது; அந்தப் பூஞ்சையின் விஷத்துக்குத்தான் அஃப்ளடாக்சின் என்று பேர் வைத்தார்கள். ஈரத்தோடு மூட்டை கட்டிய எந்த மல்லாட்டையிலும் அது வரலாம் என்று தெரிந்ததும் கடலை மாவு மேல் சந்தேகம் விழுந்தது. 1974இல் டொனால்ட் மெக்லாரன் லான்செட் இதழில் எழுதி, உலகத்துக்குப் புரதப் பஞ்சம் என்ற பேச்சையே கவிழ்த்தார். ஏழைக் குழந்தைக்கு முதலில் வேண்டியது போதுமான சோறு என்ற வாதம் வென்றது. இவையெல்லாம் புத்தகத்தில் உள்ள காரணங்கள். உறவுக்காரர் கேட்ட "யாரு தின்பா?" என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். முட்டாளைத் திட்ட நாம் வைத்திருக்கும் வார்த்தையை யார் பாலில் கலக்கிக் குடிப்பார்கள்?

மருமகன் காட்டிய நாலு டப்பாவும் ஒரே குலம்தான். வே, சீஸின் மிச்சம். சோயா, எண்ணெயின் மிச்சம். பட்டாணி, மாவுச்சத்து எடுத்ததன் மிச்சம். தனித்தனியாகப் பார்த்தால் சோயாவிலும் பட்டாணியிலும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. அரிசியில் அது பரவாயில்லை. அரிசிக்குக் குறைவான லைசின் பருப்பில் இருக்கிறது. சாம்பார் சாதத்தைக் கண்டுபிடித்தவருக்கு இது தெரியாமலே தெரிந்திருக்கிறது.

பங்குனியில் மறுபடி சிதம்பரம் போய்க் கணக்கை விரித்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு, கிலோ எடைக்கு 0.83 கிராம், அவனுக்கு 51 கிராம். கடும் பயிற்சி செய்கிறவனுக்கு 1.4 என்று வைத்தாலும் 87. அவன் தின்பதைக் கூட்டினால் இருபது இருபத்தைந்து குறைகிறது. நாலு முட்டையில் தீர்ந்துவிடும். அக்கா வீட்டில் முட்டை நுழையாது. கடலூர் முதுநகர் நெத்திலிக் கருவாட்டின் பெயரைச் சொன்னாலே எனக்குச் சோறு கிடைக்காது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோடு சேர்ந்து அந்தக் கழகம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, உடம்பு ஏற்றப் புரதப் பவுடர் வேண்டாம் என்றே சொல்கிறது. அதையும் சொன்னேன். முகம் சுருங்கியது. "சரி, வாங்கறதுன்னா வாசனை சேர்க்காத கான்சன்ட்ரேட் வாங்கு. பதினாலு இலக்க உரிம எண் இருக்கான்னு பாரு. ஒரு நாளைக்கு ஒரு கரண்டிக்கு மேல வேணாம்" என்றேன்.

"ஒரு கரண்டிக்கு எவ்வளவு தண்ணி வடிகட்டணும் மாமா?"

"இருபத்துநாலு கிராம்னா, நாலு லிட்டர்."

அப்போது அக்கா அடுப்படியிலிருந்து பன்னீர்த் தண்ணீரைச் செடிக்கு எடுத்துப் போனாள். "அம்மா, கொட்டாத!" என்று பாய்ந்தான். பிடித்து உட்காரவைத்தேன். சீஸுக்குப் பாலைக் கொதிக்கவைப்பதில்லை. அதனால் வே தண்ணீரோடு போகிறது. பன்னீருக்குக் கொதிக்கக் காய்ச்சுகிறோம். அந்தச் சூட்டில் வேயில் பெரும்பகுதி கேசினோடு ஒட்டிக்கொண்டு கட்டிக்குள்ளேயே தங்கிவிடும். தண்ணீரில் சர்க்கரையும் உப்பும்தான் அதிகம்.

அவன் பன்னீர் கட்டிய துணி மூட்டையைப் பார்த்தான். அதன்மேல் அக்கா அம்மிக்குழவியை ஏற்றி வைத்திருந்தாள்.

"அப்ப எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கா?"

"ராத்திரி குருமாவுக்கு வச்சிருக்கேன். யாராவது கை வச்சீங்கன்னா தெரியும்" என்றாள் அக்கா, செடியடியிலிருந்து.