படக்கொட்டகையும் புத்தக அலமாரியும்

நாவலைப் படித்தவர் அதன் திரைப்படத்தைக் கண்டால் குறை சொல்லுவார். திரைப்படத்தைக் கண்டவரோ நாவலைத் தேடிப் படிப்பதில்லை. நம் இல்லங்களில் இது வழக்கமாகிவிட்டது. கதைகள் நூலிலிருந்து திரைக்கு வரும்போது நாம் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்பது நன்று.

எங்கள் பனமரத்துப்பட்டிக்கு அருகிலுள்ள சேலம் நகரம், ஒரு காலத்தில் கதைகளைப் படமாக்கும் பெரும் பட்டறையாக விளங்கியது. டி. ஆர். சுந்தரம் அவர்கள் 1930-களில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் இருந்துகொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகம் 1942-இல் 'மனோன்மணி' என்ற படமாயிற்று, பி. யு. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்தனர். 1950-இல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல் 'திகம்பர சாமியார்' ஆக வந்தது, அதில் எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றினார். அதே ஆண்டில்தான் 'மந்திரி குமாரி'யும் வெளிவந்தது.

என் தாயார் எழுத்தறியாதவர். 'மந்திரி குமாரி' சில ஆண்டுகள் கழித்து எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்தபோது, மணல் தரையில் அமர்ந்து பார்த்தார். பிறகு பல இரவுகள் எங்களுக்கு அக்கதையைச் சொன்னார். மலையுச்சியிலிருந்து தள்ளிவிட எண்ணி அழைத்துச் சென்ற கணவனை, மும்முறை வலம் வருவதாகச் சொல்லி மனைவியே தள்ளிவிடும் கட்டம் வந்ததும் அவருடைய குரல் மாறிவிடும். அது ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் கதை என்பதை நான் கல்லூரியில்தான் அறிந்தேன். அக்காப்பியத்தில் நமக்குக் கிடைத்தவை சில பாடல்களே. ஆயினும் அதன் கதை, எழுத்தறியாத ஒரு தாயின் நாவில் வாழ்ந்தது. இந்த நன்மையைச் செய்தது திரைப்படமே அன்றோ!

ஆகவே, நூலை அப்படியே படமாக்கினார்களா என்பது எனக்கு அளவுகோல் அன்று. 'மனோன்மணீயமே' லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி 1891-இல் எழுந்ததுதான். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு விதையை மட்டும் எடுத்து, மகேந்திரன் 1979-இல் 'உதிரிப்பூக்கள்' என்ற படத்தை வளர்த்தார். குரலை உயர்த்தாமலே கொடுமையைக் காட்டிய விஜயனின் நடிப்பை இன்றும் மறக்க இயலவில்லை. 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்த 'பொன்னியின் செல்வன்' படத்தில் கார்த்தியின் குறும்பை ரசித்தேன். எனினும் கல்கியின் ஐந்து பாகங்களை அவற்றுள் அடக்கியபோது பூங்குழலி போன்றோர் மெலிந்துவிட்டனர் என்பது என் அபிப்பிராயம்.

இழப்பு எனக்குத் தோன்றுவது வேறோரிடத்தில். வாசிக்கும்போது நந்தினியின் முகத்தை ஒவ்வொருவரும் தம் மனத்தில் தாமே வரைந்துகொள்கிறோம். திரையோ எல்லாருக்கும் ஒரே முகத்தைத் தந்துவிடுகிறது. என் பேத்திக்கு நந்தினி என்றால் ஐஸ்வர்யா ராய்தான். வேறொரு நந்தினி அவளுக்குப் பிறக்கவே இல்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. பள்ளியில் அவள் நாள்தோறும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, மனோன்மணீயத்தின் பாயிரத்தில் உள்ள பாடலின் பகுதியாகும். இத்தனை ஆண்டுகள் பாடியும் அந்நூலை அவள் கண்ணால் கண்டதில்லை. என் தாயாருக்குக் கதவு பூட்டியிருந்தது. படம் அதைத் திறந்தது. பேத்தியின் கையிலோ சாவி இருக்கிறது. அவள் கதவருகே செல்வதில்லை. எழுத்தறியாதவர்க்குத் திரைப்படம் ஒரு கொடை; எழுத்தறிந்தவர்க்கு அது ஒரு கடன். நூலைப் படித்துத்தான் அக்கடனைத் தீர்க்க வேண்டும்.

ஆதலால் இப்போது இரவு உணவுக்குப் பின் நாங்கள் இருவரும் மனோன்மணீயம் வாசிக்கிறோம். செய்யுள் நடை எளிதன்று. நாளுக்கு ஓரிரு பக்கங்களே நகர்கின்றன. வஞ்சக அமைச்சன் குடிலனை மன்னன் ஜீவகன் கண்மூடி நம்பும் பகுதியில் அவள் நிறுத்தினாள். “தாத்தா, இந்த ராசா ஏன் இவனைப் போய் நம்புறாரு? அவன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியலையா?” என்றாள். நூலில் படம் ஏதும் இல்லை. எந்த முகத்தை அவள் கண்டாள் என்று நான் கேட்கவில்லை, அது அவளுடையது.

வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் குடும்பமாகப் பார்த்து மகிழ்ந்த படம் ஒன்று இருக்கும். அது பிறந்த நூலை இம்மாதம் தேடிப் பிடித்து, நாளுக்கு ஒரு பக்கமேனும் பிள்ளைகளோடு உரக்க வாசித்துப் பாருங்களேன்!