மருதனார்மடத்துப் பெட்டிகள் கன்பராவில்

காங்கேசன்துறை வீதியால் சுன்னாகம் பக்கம் போகின்றவர்கள் மருதனார்மடத்தைக் கவனியாமல் போக முடியாது. உயர்ந்து நிற்கும் ஆஞ்சநேயர் சிலை, மரக்கறி மூட்டைகளால் நிறையும் சந்தை, இராமநாதன் மகளிர் கல்லூரி எல்லாம் அங்கேதான். அந்தச் சந்திக்குக் கிட்ட ஒரு வீட்டு விறாந்தையில் எங்கள் மகளிர் குழு கூடுகிறது. பதினான்கு பேர். அநேகமானோர் போரில் துணையை இழந்து, குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். பனையோலையில் பெட்டி, நீத்துப்பெட்டி, சுளகு, தட்டு இழைக்கிறார்கள். நான் அவர்களோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர்.

2024 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் தலைநகரான கன்பராவில் இருக்கும் அக்காவிடம் போகும் வாய்ப்புக் கிடைத்தது. ஆண்டுதோறும் அங்கே மூன்று நாள் தேசிய பல்பண்பாட்டு விழா நடக்கும். கொரோனாவால் 2021, 2022 ஆம் ஆண்டுகளில் நின்று, 2023 இல் மீண்டும் தொடங்கிய விழா அது. அக்கா சேர்ந்திருக்கும் தமிழ்ச் சங்கம் அங்கே சாப்பாட்டுக் கடை போடுகிறது. "ஒரு மேசை உங்களுக்கு விடுறம், பொருள் கொண்டு வா" என்றா அக்கா.

விறாந்தையில் கூடிப் பேசினோம். நாற்பது பொருட்கள் தேறின. புறப்படும் நேரம் குழுவின் மூத்த அம்மா ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பிள்ளை, எங்கட படத்தை அங்க தொங்கவிடாதேங்கோ. படத்தைப் பாத்துக் காசு போட்டால் அது ஒருநாள் இரக்கம். பெட்டியைப் பாத்து வாங்கினால் திரும்பவும் கேப்பினம்." எல்லோரும் அதையே சொன்னார்கள். நானும் சரி என்றேன்.

அவுஸ்திரேலியாவுக்குள் ஓலைப் பொருளைக் கொண்டு போவது சிறிய காரியமல்ல. விமானத்தில் தரும் படிவத்தில், தாவரப் பொருள் இருக்கிறது என்று மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் தண்டம். அதிகாரி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, பூச்சி இருக்கிறதா, விதை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். நன்றாகக் காய்ந்த ஓலை என்பதால் விட்டுவிட்டார். வெயிலில் காயப்போட்டு, ஒவ்வொன்றாகத் துடைத்துத் தந்த கைகளை அப்போது நினைத்துக்கொண்டேன்.

கன்பரா என்ற பெயர் அந்நகருக்குச் சூட்டப்பட்டது 1913 மார்ச்சில். அதே ஆண்டு ஜனவரியில்தான் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்களுக்கான கல்லூரியைத் திறந்தார். அவருடைய துணைவியார் லீலாவதி அம்மையார் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்தவர். 1901 ஆம் ஆண்டுச் சட்டத்தால் எங்களைப் போன்ற நிறத்தவர்கள் அங்கே குடியேறுவது மிகக் கடினமாக இருந்த காலத்தில், அங்கிருந்து வந்த ஒரு பெண் எங்கள் ஊரில் வாழ்ந்து, அந்தக் கல்லூரிக்காகப் பாடுபட்டார். அந்த வெள்ளையர் கொள்கை 1973 இல்தான் முற்றாகக் கைவிடப்பட்டது. இன்று அந்த நாட்டின் தலைநகரிலேயே பல இனத்தவரும் கடை விரிக்கிறார்கள். அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளான இங்குனவால் மக்களை நினைவுகூர்ந்து மேடையில் பேசியதையும் கேட்டேன்.

நகரின் நடுவில் தெருக்களை மறித்து நூற்றுக்கணக்கான கடைகள். எங்கள் கூடாரத்தில் தோசை, உழுந்து வடை, கொத்துரொட்டி. சூடான சாப்பாடு 60 பாகைக்கு மேலும், குளிரான சாப்பாடு 5 பாகைக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதற்கென வெப்பமானி வைத்து அளந்தார்கள். கை கழுவத் தனியாகத் தண்ணீர், சவர்க்காரம். பிளாஸ்ரிக் கரண்டிகளும் ரெஜிபோம் பெட்டிகளும் அந்நகரில் 2021 இலிருந்து தடை. கூழைப் பனையோலைப் பிளாவில் குடித்த எங்களுக்கு இது புதிதா என்று நினைத்துச் சிரித்தேன்.

முதல் நாள் காலையிலேயே சோதனை வந்தது. சங்கத்து அண்ணா ஒருவர் பெரிய பதாகையோடு வந்தார். அழுகின்ற ஒரு தாய், பக்கத்தில் குழந்தை. கீழே நன்கொடைப் பெட்டி. "தங்கச்சி, நல்ல மனசோடதான் சொல்லுறன். இதைக் கட்டினால் உங்கட பெண்களுக்குத்தான் கூடக் காசு சேரும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. காசு எங்களுக்குத் தேவை. ஒரு பிள்ளையின் ரியூசன் கட்டணம், ஒருவரின் கிணற்று வேலை எல்லாம் என் கண்முன் வந்தன. ஆனால் விறாந்தையில் கொடுத்த வாக்கும் நின்றது. "வேண்டாம் அண்ணா, அவை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம்" என்றேன். அவருக்கு மனத்தாங்கல்தான். பதாகையைச் சுருட்டிக்கொண்டு போனார். நான் ஒரு மட்டையில் 'மருதனார்மடம், யாழ்ப்பாணம். பனையோலை. இந்தப் பெட்டியை இழைக்க இரண்டு நாள்' என்று ஆங்கிலத்தில் எழுதி நிறுத்தினேன்.

பக்கத்துக் கடை எத்தியோப்பியப் பெண்கள் சிலருடையது. கோப்பியை வறுத்து, இடித்து, அங்கேயே காய்ச்சிக் கொடுத்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார். ஒரு பெட்டியை எடுத்தார். உடனே கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். விரலால் இழைகளை எண்ணினார். பிறகு தங்கள் கடையில் இருந்த புல்லால் பின்னிய கூடையைக் கொண்டுவந்து எனக்கும் கவிழ்த்துக் காட்டினார். இருவருக்கும் ஆங்கிலம் குறைவு. "போர்?" என்று கேட்டார். தலையாட்டினேன். "எங்களுக்கும்" என்றார். 1995 ஒக்ரோபரில், ஆறு வயதில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வலிகாமத்தை விட்டு நடந்த இரவு எனக்கு நினைவு வந்தது. அதைச் சொல்லச் சொற்கள் இல்லை. அவர் பெட்டியின் விலையைக் கேட்டு, பேரம் பேசாமல் காசைத் தந்தார். எனக்கு ஒரு கோப்பியும் தந்தார்.

மூன்று நாளில் முப்பத்தொரு பொருட்கள் விற்றன. ஒன்பது மிஞ்சின. ஊர் திரும்பியதும் கணக்கை ஒளிக்காமல் விறாந்தையில் வைத்தேன். சாயம் போட்டதுதான் விலைப்படும் என்று நினைத்திருந்தோம். சாயம் போடாத வெள்ளோலைப் பெட்டிகள்தான் முதலில் முடிந்தன. சிவப்புச் சாயம் வியர்வைக் கையில் ஒட்டியது. மூன்று பெட்டிகளுக்கு மூடி இறுக்கம். நீத்துப்பெட்டி எதற்கென்று அங்குள்ளவர்களுக்குத் தெரியவில்லை, நானும் விளக்கம் எழுதி வைக்கவில்லை. அது என் பிழை. பதாகை கட்டியிருந்தால் கூடக் காசு வந்திருக்கலாம் என்பதையும் சொன்னேன். ஒருவரும் குறைப்படவில்லை. சாயத்தைப் பற்றித்தான் நெடுநேரம் வாதாடினார்கள்.

சகோதரிகளே, எங்கள் துயரத்தைக் கேட்க வருகிறவர்கள் உண்டு. அது தேவையான இடமும் உண்டு. ஆனால் கடை மேசை அந்த இடமல்ல. அங்கே எங்கள் கைவேலை பேசட்டும். உங்கள் குழுவும் வெளியே பொருள் அனுப்பும்போது, எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதை முதலில் நீங்களே கூடி முடிவு செய்யுங்கள்.

கூட்டம் முடியும்வரை அந்த மூத்த அம்மா பேசவில்லை. எழும்பும்போதுதான் கேட்டார்: "என்ர பெட்டியை ஆர் பிள்ளை வாங்கினது?"

எத்தியோப்பிய அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பெட்டியைக் கவிழ்த்து அடியைப் பார்த்ததையும் சொன்னேன்.

"அப்ப அவவுக்கு இழைக்கத் தெரியும்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.