நிழலில் வளரும் நிறம்பல்லி

ஊசியிலை மரங்கள் என்றதும் உதகையிலும் கொடைக்கானலிலும் ஓங்கி நிற்கும் பைன் மரங்களே பலருக்கும் நினைவில் எழும். அவை வெளியிலிருந்து கொணர்ந்து நடப்பட்டவை. தென்னிந்தியக் காடுகளில் தானே முளைத்து வளரும் கூம்புமர இனம் ஒன்றே ஒன்றுதான். நிறம்பல்லி என்பது மலைப்புற வழக்கில் அதன் பெயர். நாஞ்சில் நாட்டுக்கு அரணாய் நிற்கும் அகத்தியமலைத் தொடரின் பசுமைமாறாக் காடுகள் அதன் உறைவிடம். அசாம், பர்மா, மலேசியா வழியாக நியூகினி வரையிலும் அதன் உறவு பரந்திருக்கிறது.

பைன் மரத்தை மனத்தில் வைத்துத் தேடுவோருக்கு இம்மரம் அகப்படாது. இலை ஊசி போன்றதன்று. மாவிலை போல் அகன்று, தடித்துப் பளபளக்கும். அதன் அடையாளத்தை நமக்குக் காட்டித் தந்தவர் மலையில் வழிகாட்டியாக வந்த காணிக்காரப் பெரியவர் ஒருவர். ஓர் இலையைப் பறித்துக் கையில் தந்து, "இதிலே நடு நரம்பு எங்கே இருக்கு, காட்டுங்க சாரே" என்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நடு நரம்பே இல்லை. காம்பு முதல் நுனி வரை மூங்கிலிலை போல மெல்லிய நரம்புகள் அருகருகே ஓடின. இம்மரம் பூப்பதில்லை, கனிக்குள் விதையை மூடுவதுமில்லை. தடித்த காம்பின் நுனியில் உருண்டை விதை ஒன்று அமர்ந்திருக்கும். எழுத்தறியாத அப்பெரியவர் அன்று நமக்கு ஆசிரியரானார்.

நிறம்பல்லியில் ஆண் மரம் வேறு. பெண் மரம் வேறு. ஓதிப் படித்தவர்களுக்கு இது புதுமையன்று. பேரீச்சையின் தன்மையும் இதுவே. மதீனத்து உழவர்கள் ஆண் பாளையின் மகரந்தத்தைப் பெண் பாளையில் சேர்த்து வந்தது பற்றிய ஹதீஸை மத்ரஸா மாணவரும் அறிவர். உலகத் தொழில்களில் அத்தொழில் அறிந்தோரின் அறிவுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த மதிப்பு அதனால் விளங்குகிறது.

"தனி மரம் தோப்பாகாது" என்னும் பழமொழி இம்மரத்துக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். ஒற்றைக் கன்றை நட்டால் மரம் வளரும், வழித்தோன்றல் இராது. இளங்கன்றில் ஆண், பெண் அறிய இயலாது. ஆகவே ஐந்தாறு கன்றுகளையேனும் அருகருகே நடுவதே அறிவுடைமை.

நடும் இடமும் கருதத்தக்கது. நாகர்கோவில் வெயிலில் வீட்டு முற்றத்தில் வைக்கத்தக்க மரமன்று இது. மாறாமலைப் பக்கம் கிராம்புத் தோட்டம் வைத்திருப்போர் முயலலாம். இலைமக்கு நிறைந்த, ஈரமிருந்தும் நீர் தேங்காத மண் வேண்டும். விதையை உலரவிடாமல் உடனே ஊன்றவேண்டும். பெருமரங்களின் நிழலிலேயே கன்று பொறுமையாக வளரும். பின்னரே அவற்றுக்கு மேலாக முப்பது மீட்டரையும் கடந்து உயரும். உஸ்தாதின் நிழலில் ஆண்டுகள் பல அடங்கியிருந்து, பின்பு ஊருக்கே நிழலாகும் மாணவனை இது நினைவூட்டுகிறது.

ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். 2008ஆம் ஆண்டு கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதனுள் ஒரு விதையையும் நாமாக எடுத்துவரலாகாது. வனத்துறையினரின் அனுமதியோடு பெறுவதே முறை. களவில் வந்த கன்றால் புண்ணியம் எது?

இதை நடுகிறவர் இதன் முழு வளர்ச்சியைக் காண்பது அரிது. சந்தைக்கு அனுப்பக் கனியும் இல்லை. ஆயினும், ஒரு முஸ்லிம் நட்ட மரத்தால் மனிதனோ பறவையோ விலங்கோ பயன்பெற்றால் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது நாயக வாக்கு. அதில் நட்டவரின் ஆயுள் கணக்கிடப்படவில்லை. நம் மலையின் தனிச் செல்வத்தைப் பெயர் சொல்லி அறியும் பிள்ளைகளை வளர்ப்பதும் அத்தகைய நடுகையே. வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!