எழுதி வாங்காத பிள்ளை

“பச்சை மண்ணுதானே, நீ எப்படிப் பிடிக்கிறியோ அப்படி ஆயிடும்.” என் தங்கை வீட்டுக்கு அந்தப் பெண் குழந்தை வந்த புதிதில், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இதையே சொன்னார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் விருத்தாசலத்தில் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிற எனக்கு அந்தப் பேச்சு ஒப்பவில்லை. மண்ணே அப்படி நம் இஷ்டத்துக்கு ஆவதில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடந்து வருகிற வெள்ளை மண் காயும்போது ஒரு அளவுக்குச் சுருங்கும். வேறு இடத்து மண் வேறு அளவுக்குச் சுருங்கும். அது தெரியாமல் அச்சில் ஊற்றினால் சூளையில் வெடித்துத்தான் வெளியே வரும். ஏழு வயதுப் பிள்ளையோ, அதற்கு முன்பே ஒரு வாழ்க்கையை வாழ்ந்துவிட்டு வருகிறாள்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இப்படிப்பட்ட குழந்தைகளை அடையாளம் காட்டக்கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் எழுதமாட்டேன். அவள் அம்மாவைப் பிரிந்து குழந்தைகள் இல்லத்துக்கு ஏன் வந்தாள் என்பதும் அவளுடைய கதை. பெரியவளாகி அவள் சொல்ல நினைத்தால் சொல்லட்டும்.

வந்த அன்று ராத்திரி இட்லி சாப்பிட்டாள். யாரும் சொல்லாமலே தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். “போய் உட்காரும்மா” என்று சொல்கிறவரை நின்றாள். தங்கையின் மாமியார் “எவ்வளவு ஒழுங்கு பாரேன்” என்று மெச்சினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்து இருபது பிள்ளைகள் வரிசையில் நிற்கிற இடத்தின் பழக்கம் அது. துணிகளையும் அலமாரியில் வைக்கவிடவில்லை. கொண்டுவந்த பையிலேயே மடித்து வைத்திருந்தாள், கிளம்பு என்றால் கிளம்பிவிடலாம் என்பதுபோல. பட்டறைக்கு வரும் நாளில் கழிவு மண்ணை எடுத்துக்கொண்டு மூலையில் உட்காருவாள். பிள்ளையாரும் செட்டியார் பொம்மையும் சுற்றிலும் காய்ந்துகொண்டிருக்க, அவள் செய்வதெல்லாம் தட்டு. ஒரே அளவில், ஒரே வரிசையில், தட்டு தட்டாக.

பல மாதம் கழித்து ஒரு சாயங்காலம் தங்கை போன் செய்தாள். “அக்கா, இன்னிக்குச் சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுட்டு டிவி பாக்க ஓடிட்டாக்கா!” குரலில் அப்படி ஒரு பூரிப்பு. பெற்ற பிள்ளை செய்தால் திட்டு விழும் காரியம். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் தத்தெடுப்பு என்றால் எல்லார் நினைவிலும் வருவது கைக்குழந்தைதான். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2011-இல் கடலூர் மாவட்டத்துக்கும் வந்தது. அதனால் தொட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆறு வயது தாண்டி இல்லங்களில் வளர்கிற பிள்ளைகளைத்தான் யாருக்கும் தெரியாது. அவர்களில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ, ஒரு பாட்டியோ எங்கோ இருக்கிறார்கள், வளர்க்கத்தான் முடியவில்லை. உறவு அறுபடாததால் தத்துக் கொடுக்க முடியாது. அவர்களுக்காகத்தான் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்பு என்ற வழி இருக்கிறது. குழந்தைகள் நலக் குழு வீட்டை விசாரித்து, உத்தரவு போட்டு, பிள்ளையை ஒரு குடும்பத்தில் ஒப்படைக்கும். அவ்வப்போது வந்து பார்க்கும். தங்கை வீட்டுக்கு அவள் வந்ததும் இப்படித்தான். பிள்ளை சட்டப்படி தத்துக்குரியவள் என்று குழு அறிவித்தால், வளர்த்த குடும்பமே தத்து கேட்கலாம். முன்பெல்லாம் அதற்கு ஐந்து வருடம் வளர்த்திருக்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டு வருடம் போதும். 2024-இல் வந்த புது வழிகாட்டுதலின்படி தனியாக வாழ்கிறவர்களும் இப்படி வளர்க்கலாம். ஆனால் தத்துக்குரியவள் என்ற அறிவிப்பு வருமா வராதா என்பது வளர்க்கிறவர் கையில் இல்லை.

அந்த இரண்டு வருடத்தைப் பலர் பிள்ளைக்கு வைக்கிற பரீட்சையாக நினைத்துக்கொள்கிறார்கள். “ஒத்து வந்தா வெச்சுக்கோ, இல்லாட்டி விட்டுடலாமில்ல?” என்று பிள்ளையின் காதுபடவே ஒருத்தர் கேட்டார். எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. உண்மையில் அங்கே பார்க்கப்படுவது நாம்தான். திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம் என்று தெரிந்தே முழு மனசோடு சோறு போட முடியுமா, காய்ச்சல் ராத்திரியில் கண் விழிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. பணப் பேச்சும் எழுந்தது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் நாலாயிரம் ரூபாய் உதவித்தொகை உண்டு. தங்கை அதைப் பிள்ளையின் பெயரில் போட்டு வைக்கிறாள். அப்படியே சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செலவழித்தாலும் தவறே இல்லை, அதற்குத்தான் கொடுக்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கோயிலில் பழமலைநாதரோடு இரண்டு அம்மன் உண்டு. பெரியநாயகி, இளையநாயகி. குரு நமச்சிவாயர் பசியோடு பெரியநாயகியைப் பாடிச் சோறு கேட்க, அவள் கிழவியாக வந்து “கிழவி எப்படியப்பா சோறு கொண்டுவருவாள்?” என்று கேட்டாளாம். அவர் அவளையே இளையவளாகப் பாட, இளம்பெண்ணாக அன்னத்தோடு வந்தாளாம். இந்தக் கதையைச் சொன்னபோது பிள்ளை, “அப்ப எந்த அம்மா நிஜ அம்மா?” என்று கேட்டாள். தங்கை என்னைப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர்தான், “ரெண்டு பேரும்தான் பாப்பா, ரெண்டு பேருக்கும் பூஜை நடக்குதே” என்றார். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஆழத்துப் பிள்ளையார் படிகளில் இறங்கி ஏறி விளையாடப் போய்விட்டாள்.

அவளுடைய அம்மாவைப் பார்க்கக் கடலூருக்குப் பஸ்ஸில் போவார்கள். ஒருமுறை அந்த அம்மா மகளுக்குத் தலைவாரி, இறுக்கி இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டி அனுப்பினார். திரும்பும்போது வடலூர் தாண்டுகிறவரை பிள்ளை பேசவில்லை. அந்தச் சடையை அவிழ்க்கவும் விடவில்லை. எண்ணெய்ச் சிக்கு ஏறி, ரிப்பன் நழுவி, பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்கிறவரை அப்படியே இருந்தாள். தங்கை சீப்பை எடுக்கவில்லை. அவளுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எழுத்தில் இல்லாத உறவும் நிலைக்கும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. எங்கள் மாவட்டம் சுனாமியைப் பார்த்த மாவட்டம். 2004 டிசம்பருக்குப் பிறகு கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அரசு இல்லங்கள் திறந்தன. நாகப்பட்டினத்தில் கலெக்டராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணனும் அவர் மனைவியும் அங்கிருந்த இரண்டு பெண் குழந்தைகளைத் தங்கள் பிள்ளைகளாகப் பாவித்தார்கள். மாற்றலாகிப் போன பிறகும் உறவை விடவில்லை. அவர்களில் ஒரு பெண்ணுக்கு 2022-இல் நாகப்பட்டினத்தில் கல்யாணம் நடந்தபோது அவரே முன்னின்று நடத்தினார். தத்துப் பத்திரம் இல்லாமலேதான் அந்தப் பெண்ணுக்கு அவர் அப்பா.

தங்கைக்குப் பத்திரமும் வேண்டும், அந்த அம்மா தேறி வரவும் வேண்டும். இரண்டையும் ஒரே சந்நிதியில் வேண்டிக்கொள்கிறாள். ஒன்று நடந்தால் மற்றது நடக்காது என்று தெரிந்தேதான். எங்கள் உறவுக்காரர் ஒருவர் யோசனை சொன்னார்: “கடலூருக்குக் கூட்டிட்டுப் போறதைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடு. அந்தப் பொம்பளைகிட்ட எழுதி வாங்கிடு. பிள்ளை தானா மறந்துடும்.” தங்கை பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போனாள். மறுநாள் குழுவுக்கு அவள் எழுதிய மனுவை என்னிடம் படித்துக் காட்டினாள். பிள்ளை அம்மாவிடமே திரும்புவதாக முடிவானால், பள்ளி லீவு நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்து போக அனுமதி வேண்டும். எங்களுக்கே தத்து என்று முடிவானால், அந்த அம்மா வந்து பார்க்கத் தடை இருக்கக்கூடாது. பதில் இன்னும் வரவில்லை. இரண்டு வருடம் முடிய ஆடி வரை இருக்கிறது. அதற்குள் மூன்றாம் வகுப்பு ஆரம்பிக்கிறது. நோட்டு, பை, செருப்பு எல்லாம் வாங்கியாக வேண்டும்.