தனி ஊசலும் 9.8 என்னும் விடையும்

தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் செய்முறைகளுள் தனி ஊசல் சோதனை மிக எளிய கருவிகளால் அமைந்தது. தாங்கியிலிருந்து நூலில் தொங்கும் உலோகக் குண்டு ஒருமுறை சென்று மீள எடுக்கும் நேரமாகிய அலைவு காலத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து, விழும் பொருளின் வேகம் வினாடிதோறும் எவ்வளவு கூடுகிறது என்பதைக் குறிக்கும் புவியீர்ப்பு முடுக்கத்தை மாணவர் அதிலிருந்து கணக்கிடுகின்றனர். விடை 9.8 என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். இடர்ப்பாடும் அங்கேதான் தொடங்குகிறது.

விடை தெரிந்த சோதனையில் அளவீடு விடையை நோக்கி வளைந்துவிடுகிறது. 10.8 என்று வந்தால், அட்டவணையில் உள்ள நேரங்கள் அழிக்கப்பட்டு, 9.8 வருமாறு பின்னிருந்து கணக்கிட்டு நிரப்பப்படுகின்றன. ரெக்கார்டு நோட்டில் ஏறும்போது வகுப்பு முழுவதற்கும் ஒரே விடை. மதிப்பெண் விடைக்கே உரியது என மாணவர் கருதும் வரையில், இதை அவர்களுடைய நேர்மைக் குறைவென்று மட்டும் சொல்வது நியாயமாகாது. ஆனால் அழிக்கப்பட்ட அந்த 10.8 வெறும் பிழையன்று. குண்டை விட்ட கணத்தைச் சுழியம் என்று எண்ணாமல் ஒன்று என்று எண்ணி, இருபதில் கடிகாரத்தை நிறுத்தியவர் உண்மையில் 19 அலைவுகளையே அளந்து 20 ஆல் வகுத்திருப்பார்; அவருக்கு ஏறத்தாழ அதே எண்தான் கிடைக்கும். ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை கொள்ளாமல் நூலை மட்டும் அளந்தவருக்கு, நூல் ஒரு மீட்டர் அளவிலும் குண்டின் ஆரம் ஒரு சென்டிமீட்டராகவும் இருப்பின், 9.7 அளவில் வரும். தவறான விடை தன் காரணத்தைத் தானே சொல்கிறது. அதைக் கேட்கும் பழக்கந்தான் செய்முறை வகுப்பில் கற்பதற்கு உரியது.

இந்த ஊசலின் வரலாறே எதிர்பார்த்த அளவிலிருந்து விலகிய ஓர் அளவீட்டால் வளம்பெற்றது. பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே 1672இல், நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேனுக்குச் சென்றபோது, பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். அவர் தம் குறிப்பேட்டைத் திருத்தவில்லை. கடிகாரத்தைச் சரியாக ஓடச்செய்ய ஊசலைச் சிறிது குறுக்க வேண்டியிருந்ததைப் பதிவுசெய்தார். ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதற்கும், புவி துருவங்களில் சற்றே தட்டையானது என்பதற்கும், நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில் இக்குறிப்பு சான்றாயிற்று.

நிலநடுக்கோட்டில் 9.78 ஆகவும் துருவங்களில் 9.83 ஆகவும் உள்ள இம்முடுக்கம், சென்னையிலும் 9.78க்கு அருகிலேயே உள்ளது. ஆகவே தம் ஊரில் துல்லியமாக அளந்த மாணவருக்குப் பாடநூல் எண் கிடைக்கவேண்டும் என்பதே இல்லை. ஆனால் இந்த வேறுபாடு 0.2 விழுக்காடுதான். கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 வினாடி தவறினால், ஒரு மீட்டர் ஊசலின் 20 அலைவுகளில், அதாவது 40 வினாடியில், விடை ஒரு விழுக்காடு பிறழும்; அந்தப் பிறழ்வுக்குள் வேறுபாடு மறைந்துவிடும். வீச்சு ஐந்து பாகையைத் தாண்டாமல், நீளத்தையும் மில்லிமீட்டர் வரை அளந்து, 100 அலைவுகளை எண்ணினால் அது புலப்படத் தொடங்கும். அதற்கு ஆகும் நேரம் மூன்று நிமிடம் இருபது வினாடி.