கச்சானுக்கு முதுகைக் காட்டி

2022 ஜூலை 2, சனி

பெற்றோல் இல்லை. அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் என்று இலங்கை அரசு அறிவித்து, ஜூலை 10 வரை என்று கெடுவும் வைத்திருக்கிறது. கிண்ணியாவுக்கு எதிர்க்கரையிலுள்ள குறிஞ்சாக்கேணி ஆசிரியர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் கொட்டிலுக்குள் சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அவர் வாப்பா காலத்து லுமாலா சைக்கிள் வெளியே வந்துவிட்டது. நாடு முழுக்க இதே கதைதான். சைக்கிள் கடைகளில் விலை கேட்டவர்கள் வாய் திறக்காமல் திரும்புகிறார்கள்.

கடைக்கும் பள்ளிவாசலுக்கும் மிதித்துத் திரிந்தவருக்கு இன்று வேறொரு யோசனை வந்தது. ஒரே பகலில் மகாவலிக் கழிமுகத்தைச் சுற்றி வந்தால் என்ன? சூரங்கல், வான்எல வழியே கந்தளாய். அங்கிருந்து அல்லை – கந்தளாய் வீதியில் சேருநுவர. பிறகு வடக்கே திரும்பி தோப்பூர், மூதூர். கடைசியாக ஏ15 வீதிப் பாலங்களைத் தாண்டிக் கிண்ணியா. எல்லாம் சேர்த்து 110 முதல் 120 கிலோமீட்டர் வரும்.

"மச்சான், பெருநாள் வருது, ஆட்டைப் பாருங்க. சைக்கிளப் பொறவு பார்க்கலாம்" என்றார் மைத்துனர். ஆனாலும் தானும் வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஜூலை 4, திங்கள்

பள்ளிக்கூடம் மூடியிருப்பதால் வரைபடத்தோடு உட்கார நேரம் கிடைத்தது.

இந்தச் சுற்றில் ஏற்றமே இல்லை என்று சொல்லிவிடலாம். நுவரெலியாவுக்கு மிதிக்கிறவர் இதைப் பார்த்துச் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். மலையில் ஏறியவனுக்கு இறக்கம் உண்டு, மிதிக்காமல் உருளலாம். வயல்வெளியில் அந்தச் சலுகை கிடையாது. கியர் இல்லாத சைக்கிளில் ஏழெட்டு மணிநேரம் ஒரே மிதிதான்.

இங்கே உண்மையான தடை தண்ணீர். 335 கிலோமீட்டர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அதற்கு முன்பே ஒரு கிளை பிரிந்து வெருகல் ஆறாகக் கிழக்குக் கடலுக்குப் போய்விடுகிறது. நடுவில் களப்பு, ஓடை, வாய்க்கால், வில்லு எனும் சதுப்பு நிலம். இந்த நிலத்தில் வீதி எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது ஆறுதான்.

கிண்ணியாவிலிருந்து மூதூருக்கு முன்பெல்லாம் ஒவ்வொரு துறையாகக் காத்திருந்து, 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறி இறங்கித்தான் போகவேண்டும். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் சவூதி நிதியுதவியோடு 2009 ஒக்டோபர் 20 அன்று திறக்கப்பட்டது. இலங்கையின் மிக நீளமான பாலம் என்ற பெயரும் அப்போது அதற்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டுகளில் உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய இடங்களிலும் பாலங்கள் வந்தன. அதற்கு முன் வாகனத்தில் திருகோணமலைக்குப் போக நினைத்த மூதூர்க்காரர்கள் பலர், அல்லை வழியாகக் கந்தளாய்க்குப் போய் அங்கிருந்துதான் ஏறினார்கள். ஆசிரியர் விளையாட்டாய்ப் போடும் சுற்றில் பாதி, அவர்களுக்கு அன்றாடப் பாடாக இருந்தது.

ஜூலை 7, வியாழன்

பழைய பஸ் சாரதி ஒருவரைத் தேடிப் போனார்கள். அல்லை வீதியில் நெடுங்காலம் ஓடியவர். தேநீர் வந்தது. சீனி விலையால் கருப்பட்டித் துண்டு.

"யானை எத்தனை மணிக்கு ரோட்டுக்கு வரும் நானா?"

"ஏன், டைம்கீப்பர்கிட்ட கையெழுத்து வெச்சிட்டா வரும்?" என்று சிரித்தவர், பிறகு நிதானமாகச் சொன்னார். விடிந்து வெயில் ஏறுமட்டும் காட்டோரத்தில் இறங்காதே. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு அந்தப் பக்கமே நிற்காதே. பஸ் என்றால் ஹோன் அடித்து நிற்கலாம், சைக்கிளில் சத்தமே இல்லை. ஆனை உன்னைக் காணுமுன் நீ ஆனையைக் காணவேண்டும். வீதிக்குத் தெற்கே சோமாவதிய தேசியப் பூங்காப் பக்கம் காடு தொடர்ச்சியாகக் கிடக்கிறது. வயல் விளையும் காலத்தில் அவை எல்லை பார்ப்பதில்லை.

காற்றைப் பற்றியும் அவரே சொன்னார். இது கச்சான் காலம். மேற்கும் தென்மேற்குமாய் வறண்ட காற்று அடிக்கும், முற்பகலில் வேகம் பிடிக்கும். அது எதிரே வந்தால் மிதிக்கிற மிதியில் பாதி வீண்.

முதல் நாள் யோசனை எப்படி இருந்தாலும், வரைபடத்தோடு உட்கார்ந்தபின் ஆசிரியரின் தாளில் சுற்று மூதூர்ப் பக்கமாகத் தொடங்கியிருந்தது. பாலங்களைக் காலைக் குளிரில் கடக்கலாம், படமும் எடுக்கலாம் என்ற ஆசை. அந்தத் திசையில் போனால் அல்லை – கந்தளாய் வீதி மத்தியானத்துக்குப் பிறகு வரும். கச்சான் முகத்தில், ஆனை பக்கத்தில். தாளைத் திருப்பிப் போட்டார். முதலில் கந்தளாய், காற்று எழுமுன். பிறகு காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே சேருநுவர. மூதூர் கடைசியில்.

ஜூலை 9, சனி

கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் தொலைக்காட்சி முன்னால். ஆசிரியர் ஒரு காதை அங்கே வைத்துக்கொண்டு நேரக்கணக்குப் போட்டார்.

உலகெங்கும் நீண்டதூரச் சைக்கிள்காரர்கள் 'பிரெவே' என்ற முறையில் ஓடுகிறார்கள். போட்டியல்ல, நேர எல்லை மட்டும் உண்டு. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும், ஓய்வும் சாப்பாடும் அதற்குள் அடங்கும். கிட்டத்தட்ட மணிக்கு 15 கிலோமீட்டர். சென்னையிலும் இப்படி ஓடும் கழகங்கள் இருக்கின்றன. இந்த அளவை 120 கிலோமீட்டருக்குப் பொருத்தினால் எட்டு மணிநேரம். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் பின்னேரம் ஒன்றரை. பழைய லுமாலாவையும் கச்சானையும் மைத்துனரையும் கருதி இரண்டு மணிநேரம் கூட்டினார். அப்படியும் இருட்டுமுன் வீடு.

கந்தளாயில் தண்ணீர் நிரப்பி, சோறு தின்று, வெயில் ஏறியபின் அல்லை வீதியில் இறங்குவது என்று முடிவு. கந்தளாய்க் குளத்தைத் தமிழ் மரபு குளக்கோட்டன் பெயரோடு சேர்க்கிறது, சிங்கள வரலாற்று நூல்கள் அக்கபோதி மன்னனோடு. 1986 ஏப்ரலில் இதன் கட்டு நள்ளிரவு கடந்து உடைந்தது. தூக்கத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்டோர் அடித்துச்செல்லப்பட்டார்கள். அணைக்கட்டில் நின்று காற்று வாங்குகிறவர்களுக்கு யாரும் இதை ஞாபகப்படுத்துவதில்லை.

ஜூலை 12, செவ்வாய்

டியூப் இரண்டு, ஒட்டு, பசை, பம்ப், நட்டு முடுக்கி. முன்டயர் ஓரத்தில் நூல் தெரிகிறது. புது டயர் கடையில் இல்லை. வெடிப்பு வந்தால் உள்ளே வைக்க, பழைய டயரில் சாண் அளவு வெட்டித் தகடாகச் சுருட்டிக்கொண்டார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள் செய்கிற வைத்தியம் அது, ஊர் தாண்டும் வரை தாங்கும்.

சேருநுவரப் பக்கம் வரும்போது மாவிலாறு. 2006 ஜூலையில் அதன் மதகு மூடப்பட்டபோது பல்லாயிரம் பேரின் வயல் காய்ந்தது. போர் மறுபடி மூண்டதும் அங்கிருந்துதான். மைத்துனர் அங்கே நிற்கவேண்டாம் என்கிறார். ஆசிரியர் நிற்கலாம் என்கிறார். இன்னும் முடிவில்லை.

மூதூரில் நிற்பதில் இருவருக்கும் சம்மதம். 1660இல் இந்தப் பக்கத்துக் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேய இளைஞன் றொபேட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டு தீவுக்குள் சிறையிருந்தான். தப்பியது எப்படி என்பதுதான் சைக்கிள்காரருக்குப் பாடம். சிறுசாமான் வியாபாரியாக ஊர் ஊராய் நடந்து, எந்த வழி எங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டு வைத்துக்கொண்டான். கடைசியில் 1679இல் மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். கைபேசி வரைபடம் நம்பி வழி போடுகிறவர்களை ஆசிரியர் இப்போது கொஞ்சம் கேலியாகவே பார்க்கிறார்.

ஜூலை 15, வெள்ளி

மீதி இருப்பது கடைசிக் கிலோமீட்டர். கிண்ணியா நகரக் கரைக்கும் குறிஞ்சாக்கேணிக்கும் இடையில் பாலம் இல்லை. பழையதை அகற்றிப் புதியது கட்டத் தொடங்கினார்கள், முடியவில்லை. 2021 நவம்பர் 23 காலை அந்த இடைவெளியைக் கடக்க ஓடிய மிதவை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் இறந்தவர்களில் இருந்தார்கள். அன்று பிள்ளைகளைக் கரைக்கு அனுப்பி வைத்த வீடுகள் ஆசிரியரின் தெருவில் இருக்கின்றன.

நாள் முழுக்க மிதித்துக் களைத்து, பொழுது சாயும் நேரத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு படகு ஏறுவதை மைத்துனர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆசிரியரும் வற்புறுத்தவில்லை. ஆகவே சுற்று குறிஞ்சாக்கேணியில் தொடங்கும், எதிர்க்கரையில் கிண்ணியாவில் மச்சாள் வீட்டில் முடியும். 120 கிலோமீட்டர் சுற்றியும் வட்டம் மூடாது. அதற்குச் சைக்கிள்காரர்கள் பொறுப்பல்ல.

பெற்றோல் திரும்பி வந்த பிறகும் இந்த வழியை மிதிக்க நினைக்கிறவர்கள் கவனிக்க: கச்சான் காலத்தில் மட்டும்தான் இந்தத் திசை. மார்கழியில் வாடையும் மழையும் வந்தால் அல்லை வீதியில் வெள்ளம் ஏறும், அப்போது போகவே வேண்டாம். அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயும், அதன்மேல் டயரை ஏற்றாதீர்கள். கந்தளாயில் போத்தல்களை நிரப்பாமல் கிழக்கே திரும்பாதீர்கள்.